முதலாண்டு வேதியியல்: கைடா, டியூஷனா, வீடியோவா, கூட்டுப் படிப்பா?

பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்து ஆறேழு வாரம் ஆகியிருக்கும். முதல் இன்டர்னல் தாள் கைக்கு வரும். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கூட ஐம்பதுக்குப் பதினெட்டு வாங்கியிருப்பார். அன்று மாலையே யோசனைகள் வந்து குவியும். சீனியர் ஒருவர் கைடு வாங்கச் சொல்வார். வீட்டில் டியூஷன் தேடுவார்கள். வகுப்புத் தோழி யூடியூப் லிங்க் ஒன்றை அனுப்புவார். ஆசிரியர், "நாலு பேரா உக்காந்து படிங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரு மாதத்தில் நான்கையும் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

எது நல்லது என்ற கேள்விக்கு முன்னால், எது உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வழியும் ஒரு வகை ஓட்டையைத்தான் நன்றாக அடைக்கும். ஓட்டை ஓரிடத்தில் இருக்க, பூச்சு இன்னோரிடத்தில் விழுந்தால் பணமும் நேரமும் போவதுதான் மிச்சம்.

## முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள்: இருபது நிமிடச் சோதனை

புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு தாளில் இந்த நான்கையும் செய்யுங்கள்.

1. 5.3 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டைக் கரைத்து 500 மி.லி. கரைசல் ஆக்கினால் மோலாரிட்டி எவ்வளவு? (மூலக்கூறு எடை 106.)
2. பாடப்புத்தகத்தில் இதுவரை படிக்காத ஆங்கிலப் பத்தி ஒன்றைப் பத்து வரி படித்து, அது சொல்வதை இரண்டே வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள்.
3. அம்மோனியா, நீர், குளோரின் டிரைஃபுளூரைடு மூன்றுக்கும் லோன் பேர்களோடு (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணைகள்) படம் வரைந்து வடிவத்தைச் சொல்லுங்கள்.
4. நைட்ரஜனை விட ஆக்சிஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் ஏன் குறைவு? ஐந்து மதிப்பெண்ணுக்கு உரியபடி எழுதுங்கள்.

முதல் கேள்வியின் விடை 0.1 மோலார். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தாலோ 0.05 என்று நின்றுவிட்டாலோ உங்களுக்குக் கணக்கு ஓட்டை. இரண்டாவதில் தடுமாறினால் மொழி ஓட்டை. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு மட்டும் உரியது இது என்று நினைக்க வேண்டாம், ஆங்கிலவழியில் வரிகளை உருப்போட்டுத் தேறியவர்களுக்கும் உண்டு. மூன்றாவதில் குளோரின் டிரைஃபுளூரைடைத் தட்டையான முக்கோணமாக வரைந்திருந்தால் வடிவ ஓட்டை. சரியான விடை டி வடிவம், மைய அணுவில் இரண்டு லோன் பேர். நான்காவதில் காரணம் தெரிகிறது, ஆனால் எழுத வரவில்லை என்றால் அது எழுத்து ஓட்டை. பாதி நிரம்பிய 2பி கூடு என்று ஒரே வரி எழுதி நிறுத்துபவர்களுக்கு ஐந்தில் இரண்டு கிடைக்கும். இரண்டின் எலக்ட்ரான் அமைப்பையும் எழுதி, ஆக்சிஜனில் நான்காவது 2பி எலக்ட்ரான் இணையாக அமரும்போது உண்டாகும் விலக்கத்தையும் சொன்னால்தான் மீதி வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் முதல் பருவப் பொது வேதியியல் தாளில் அணு அமைப்பு, ஆவர்த்தனப் பண்புகள், வேதிப்பிணைப்பு, கரிம வேதியியல் அடிப்படை ஆகியவைதான் பெரும்பகுதி. மாநிலப் பாடத்திட்டப் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தின் 2, 3, 10, 11, 12 ஆம் அலகுகளும் இவையேதான். முதல் அலகு மோல் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை மனதில் வைத்துப் பதினொன்றை ஓட்டமாக ஓட்டிய பள்ளிகள் நிறைய. முதலாண்டில் தெரியும் பள்ளம் பெரும்பாலும் அங்கே தோண்டப்பட்டதுதான். ஆகவே கீழே எந்த வழியைத் தேர்ந்தாலும் அந்தப் புத்தகம் மேசையில் இருக்கட்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டு பதிப்பும் இணையத்தில் இலவசப் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

பணம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த ஓட்டையை அடைக்கும், எழுத்துத் தேர்வுக்கு உதவுமா, வெளியே தெரியாத செலவு என்ன. இந்த ஐந்தும் எல்லோரும் கேட்பவை. ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கிறோம், எங்கள் கணக்கில் மற்ற ஐந்தையும் விடக் கனமானது அது: அந்த ஒரு மணி நேரத்தில் பேனா யார் கையில் இருக்கிறது? ஆசிரியர் கையிலா, வீடியோவில் பேசுபவர் கையிலா, உங்கள் கையிலா?

இதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. ரோடிகர், கார்பிகி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களை இரண்டு வகையாகப் படிக்கச் செய்தார்கள். ஒரு சாரார் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், மறு சாரார் படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வுக்கு முதல்நாள் எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், அரங்கில் கை நின்றுவிடுவதும் இதனால்தான்.

நான்கு வழிகளையும் ஒரே கணக்கால் உரசிப் பார்ப்போம். லேபில் தினமும் வரும் டைட்ரேஷன் (தரம்பார்த்தல்) கணக்குதான்:

*20 மி.லி. ஆக்சாலிக் அமிலக் கரைசலுக்கு 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் 18.5 மி.லி. செலவானது. ஆக்சாலிக் அமிலத்தின் மோலாரிட்டி என்ன?*

நிறையப் பேர் கை பழகிய எம்1வி1 = எம்2வி2 (மோலாரிட்டி × கன அளவு) வாய்பாட்டில் எண்களைப் போட்டு 0.0185 என்று எழுதுவார்கள். சரியான விடை 0.04625. இரண்டரை மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? சமன்பாட்டில் 2 மோல் பெர்மாங்கனேட்டுக்கு 5 மோல் ஆக்சாலிக் அமிலம். ஐந்தின் கீழ் இரண்டு, அதுதான் இரண்டரை. நார்மாலிட்டியில் (மோலாரிட்டியை, அந்தப் பொருள் ஏற்கும் அல்லது தரும் எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கியது; பெர்மாங்கனேட்டுக்கு 5, ஆக்சாலிக் அமிலத்துக்கு 2) போனால்: பெர்மாங்கனேட் 0.02 × 5 = 0.1 நார்மல், ஆக்சாலிக் அமிலம் 0.1 × 18.5 ÷ 20 = 0.0925 நார்மல், அதை 2-ஆல் வகுத்தால் 0.04625 மோலார். இரண்டு பாதையும் ஒரே இடத்தில் சேர்வதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு என்1வி1 (அதே வாய்பாடு, நார்மாலிட்டியில்) எப்போது செல்லும், எம்1வி1 எப்போது செல்லாது என்ற குழப்பம் பிறகு வராது.

## கைடும் கேள்வித்தொகுப்பும்

மலிவு, உடனே கிடைக்கும், தேர்வின் அச்சில் வார்த்தது. எழுத்து ஓட்டைக்கு இதை விட நல்ல மருந்து இல்லை, ஒழுங்காகப் பயன்படுத்தினால்.

எல்லோரும் செய்வது அப்படி அல்ல. விடையை வாசித்து அடிக்கோடு போட்டு, ராத்திரி மனப்பாடம் செய்வார்கள். மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கைடில் ஆக்சிஜன் மூலக்கூறின் படம் இருக்கும், பிணைப்புத்தரம் 2, பாரா காந்தத்தன்மை. அதை அப்படியே உருப்போட்டவரிடம் தேர்வில் சூப்பராக்சைடு அயனியைக் கேட்டால் கதை முடிந்தது. புரிந்தவர் அதே படத்தில் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலில் ஒரு எலக்ட்ரானைக் கூட்டுவார். பிணைப்பு எலக்ட்ரான் 10, எதிர்பிணைப்பு எலக்ட்ரான் 7, வித்தியாசத்தில் பாதி 1.5. வேலை ஒரு நிமிடம்தான்.

மேலே சொன்ன டைட்ரேஷன் கணக்கைக் கைடு எப்படிக் கையாளும்? பெரும்பாலும் என்1வி1-இல் நேராகப் போட்டு விடையைத் தந்துவிடும், 5-உம் 2-உம் எங்கிருந்து வந்தன என்று சொல்லாது. எண்கள் மாறினால் சமாளிக்கலாம். பொருள்கள் மாறினால், எடுத்துக்காட்டாக ஆக்சாலிக் அமிலத்துக்குப் பதில் ஃபெரஸ் சல்பேட் வந்தால், தடுமாற்றம்தான்.

மறைந்த செலவு மூன்று. ஒன்று, பாடத்திட்டம். 2023-24-இல் பல பல்கலைக்கழகங்களில் பாடத்திட்டம் மாறியது, பழைய கைடுகள் இன்னும் கடைகளில் சுற்றுகின்றன. வாங்குவதற்கு முன் உங்கள் தாள் குறியீட்டையும் ஐந்து அலகுகளின் தலைப்பையும் ஒப்பிடுங்கள். இயற்பியல், விலங்கியல் மாணவர்களுக்கான துணைப்பாட வேதியியல் கைடைத் தவறி வாங்கி வருபவர்களும் உண்டு. இரண்டு, அச்சுப்பிழை. மேற்குறி, கீழ்க்குறி, அயனியின் மின்சுமை ஆகியவை விழுந்துபோகும் இடம் இது. மூன்றாவதுதான் பெரிது: கைடு பழகியவர் பாடப்புத்தகம் திறப்பதில்லை, இரண்டாம் ஆண்டில் பௌதிக வேதியியல் வரும்போது அடித்தளம் இருக்காது.

பயன்படுத்தும் முறை: விடைப் பக்கத்தை மூடிவிட்டுக் கேள்வியை மட்டும் எடுங்கள், கடிகாரம் வையுங்கள். பெரும்பாலான தாள்களில் மூன்று மணி நேரத்தில் 75 மதிப்பெண், அதாவது மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம். பத்து இரண்டு-மதிப்பெண் கேள்விக்குத் தலா 4 நிமிடம், ஐந்து ஐந்து-மதிப்பெண்ணுக்குத் தலா 11, மூன்று பத்து-மதிப்பெண்ணுக்குத் தலா 22 என்று ஒதுக்கினால் 161 நிமிடம் ஆகும், திருப்பிப் பார்க்க 19 மிச்சம். எழுதி முடித்த பிறகே விடையைத் திறந்து, விட்டுப்போன வரியைச் சிவப்பில் சேருங்கள்.

யாருக்கு: பாடம் புரிந்தும் எழுத வராதவர், அரியர் தாளுக்கு மூன்று வாரமே இருப்பவர். கணக்கு ஓட்டை உள்ளவர் இதை மட்டும் நம்பினால் மூழ்குவார்.

## டியூஷன்

நல்ல டியூஷன் ஆசிரியர் கிடைத்தால் கணக்கு ஓட்டைக்கும் மொழி ஓட்டைக்கும் அதைப் போல வேகமானது எதுவும் இல்லை. தமிழில் கேட்கலாம், பத்து முறை கேட்கலாம், அறுபது பேர் முன்னால் கூச்சப்பட வேண்டாம். அந்த டைட்ரேஷன் கணக்கில் நீங்கள் எம்1வி1 எழுதும்போதே கை பிடித்து நிறுத்துவார். தவறு விழும் கணத்திலேயே அதைப் பிடிக்கும் வசதி மற்ற மூன்றிலும் அரிது.

சிக்கல், எப்படிப்பட்ட டியூஷன் கிடைக்கிறது என்பதில். கல்லூரி வேதியியலுக்கென்று தனியாக எடுப்பவர்கள் பெரிய ஊர்களைத் தாண்டினால் குறைவு. பிளஸ் டூவுக்கும் நீட்டுக்கும் எடுப்பவர்தான் "பி.எஸ்சி.யும் எடுப்பேன்" என்பார். நீட் பயிற்சியின் கைப்பழக்கம் வேறு: நான்கு விடையில் மூன்றைக் கழித்து ஒன்றைத் தொடுவது. உங்கள் தாள் பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டு பக்கம் கேட்கிறது. முதல் நாளே ஒரு சோதனை வைத்துவிடலாம். "ஹைட்ரஜன் நிறமாலையிலிருந்து போர் கொள்கை வரை ஒரு பத்து மார்க் விடையை எப்படிக் கட்டுவது, சார்?" என்று கேளுங்கள். பதில் ஃபார்முலாவில் தொடங்கி ஃபார்முலாவிலேயே முடிந்தால் வேறு இடம் பாருங்கள்.

பணம்: பாடத்துக்கு மாதம் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1000 ரூபாய் அப்படியே இதற்குப் போய்விடும். பஸ் பாஸும் ரெக்கார்டு நோட்டும் லேப் கோட்டும் அதே பணத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். மறைந்த செலவு நேரம். ஒரு மணி நேர வகுப்புக்குப் போக வர முக்கால் மணி, வந்து சாப்பிட்டு அமர இன்னொரு அரை மணி. வாரத்துக்கு மூன்று நாள் போனால் ஏழு மணி நேரம் காலி, பேனா உங்கள் கையில் இருந்தது ஒருவேளை ஒரு மணி நேரம்.

இன்னொரு கேடும் உண்டு, கொஞ்சம் நுட்பமானது. டியூஷன் இருக்கிறது என்ற தைரியத்தில் கல்லூரி வகுப்பில் காது மூடிக்கொள்ளும். தாள் திருத்துபவர் அந்த வகுப்பில் நிற்பவர்தான் என்பது மறந்துபோகும்.

யாருக்கு: மோல் கணக்கே வராதவருக்கு, இரண்டு மாதம் மட்டும். தொடக்கத்திலேயே "முதல் அலகுக் கணக்கு, டைட்ரேஷன் கணக்கு, அதோடு முடித்துக்கொள்கிறோம்" என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். பருவம் முழுக்க இழுத்தால் அது ஊன்றுகோலாகிவிடும்.

## வீடியோ: என்பிடெல், ஸ்வயம், யூடியூப்

என்பிடெல் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள், ஸ்வயம் மத்திய அரசு 2017-இல் தொடங்கிய தளம். இரண்டிலும் சேர்வதும் பார்ப்பதும் இலவசம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். தமிழில் விளக்கும் யூடியூப் சேனல்களும் நிறைய, தரம் கலவை.

வடிவ ஓட்டைக்கு வீடியோவும் சிமுலேஷனும்தான் மருந்து, இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கரும்பலகையில் குளோரின் டிரைஃபுளூரைடை எவ்வளவு நேரம் வரைந்தாலும் லோன் பேர் ஏன் முக்கோணத் தளத்தில் உட்காருகிறது என்று மனதில் பதியாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் மூலக்கூறு வடிவங்களுக்கு ஓர் இலவச சிமுலேஷன் இருக்கிறது. மைய அணுவில் மூன்று பிணைப்பும் இரண்டு லோன் பேரும் சேர்த்து, விரலால் திருப்பிப் பாருங்கள். முக்கோணத் தளத்தில் அமர்ந்த லோன் பேருக்கு 90 பாகையில் இரண்டே பேர் அண்டை, அச்சில் அமர்ந்தால் மூன்று பேர். நெரிசல் குறைவான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை.

ஆனால் கணக்குக்கு? அந்த டைட்ரேஷன் கணக்கை வீடியோவில் பார்க்கும்போது ஒவ்வொரு படியும் தெளிவாக இருக்கும், தலையாட்டிக்கொண்டே போவீர்கள். முடிந்ததும் அதே கணக்கை வெற்றுத்தாளில் போடச் சொன்னால் இரண்டாவது வரியில் நிற்பீர்கள். பேனா பேசுபவரிடம் இருந்தது. 1.5 மடங்கு வேகத்தில் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் மோசம்.

மறைந்த செலவு: முப்பது நிமிட வீடியோ முப்பது நிமிடத்தில் முடியாது. குறிப்பெடுத்து, நிறுத்தி, போட்டுப் பார்த்தால் எழுபத்தைந்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு வாரப் பாடத்தில் ஆர்வத்தோடு சேர்ந்து நான்காவது வாரம் விடுபவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். ஆழமும் பொருந்த வேண்டும். என்பிடெல்லின் குவாண்டம் பாடங்கள் வகைக்கெழுச் சமன்பாட்டில் இறங்கிவிடும், உங்கள் தாளுக்கு ஆர்பிட்டால் வடிவமும் நான்கு குவாண்டம் எண்ணும் போதும். அடுத்து, தேடுவதிலேயே கரையும் நேரம். ஹைபிரிடைசேஷன் தேடப்போய் அரை மணி கழித்து கிரிக்கெட்டில் முடிவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை.

ஆகவே வரிசையாகப் பார்க்காதீர்கள். பாடப்புத்தகத்தில் முட்டிய இடத்தைத் தாளில் ஒரு கேள்வியாக எழுதிக்கொண்டு, அந்தத் துண்டை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு சமன்பாடு வருவதற்கு முன்னும் நிறுத்தி, அடுத்த வரியை நீங்கள் எழுதிவிட்டு ஓடவிடுங்கள்.

யாருக்கு: வடிவ ஓட்டை, கரிம வினைவழிமுறையில் அம்புக்குறி புரியாதவர், வகுப்பைத் தவறவிட்டவர், பக்கத்தில் டியூஷனும் துணையும் இல்லாதவர். லேபுக்கு முன்னால் பியூரெட் கழுவுவது, பிப்பெட் பிடிப்பது பார்க்கவும் நல்லது.

## கூட்டுப் படிப்பு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியாக நடத்தினால் நான்கிலும் இதுதான் முதலாண்டு வேதியியலுக்கு ஏற்றது. தவறாக நடத்தினால் நான்கிலும் மோசமானதும் இதுதான்.

நியூயார்க் சிட்டி காலேஜில் 1990-களில் வேதியியல் மாணவர்களுக்காகவே ஒரு முறையை உருவாக்கினார்கள். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழு, முந்தைய ஆண்டு அதே பாடத்தில் நன்றாகத் தேறிய ஒரு மாணவர் தலைவர், வாரம் ஒருமுறை அமர்ந்து கணக்குகளைத் தீர்ப்பது. தலைவர் விடையைச் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்கலாம் என்பது விதி. நம் ஊர்க் கல்லூரியில் இதற்குப் புது ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். மூன்று நான்கு பேரும், வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சம்மதிக்கும் இரண்டாமாண்டு அக்காவோ அண்ணனோ போதும்.

கூடும் ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்:

- 5 நிமிடம்: இன்றைய மூன்று கணக்குகளைத் தாளில் எழுதுவது. முதல் நாளே தேர்ந்திருக்க வேண்டும்.
- 15 நிமிடம்: பேச்சில்லாமல் தனித்தனியாகப் போடுவது. இதை விட்டால் எல்லாம் போச்சு.
- 20 நிமிடம்: விடைகளை ஒப்பிடுவது. வேறுபடும் இடத்தில் இருவரும் தத்தம் படியை நியாயப்படுத்த வேண்டும்.
- 15 நிமிடம்: நன்றாக வராத ஒருவர் எழுந்து மற்றவர்களுக்கு விளக்குவது. நன்றாக வந்தவர் அல்ல.
- 5 நிமிடம்: அவரவர் தவறை ஒரே வரியில் தவறு நோட்டில் எழுதுவது.

அந்த டைட்ரேஷன் கணக்கு இங்கே என்ன ஆகும்? ஒருவருக்கு 0.0185, இன்னொருவருக்கு 0.04625. "எப்படிடி உனக்கு மட்டும் அப்படி வந்துச்சு?" என்ற கேள்வியில்தான் வேதியியல் தொடங்குகிறது. சமன்பாட்டைச் சமப்படுத்தாமல் இந்தச் சண்டை தீராது. சமப்படுத்தினால் 2-உம் 5-உம் கண்ணெதிரே வந்து நிற்கும்.

நான்கு பேருக்கும் 0.0185 வந்தால்? இதுதான் இந்த வழியின் பெரிய அபாயம், நால்வரும் ஒத்துக்கொண்டதால் தவறு சரியாகிவிடும். அதற்காகத்தான் சீனியர். அவர் இல்லாத நாளில் விடை அச்சிட்ட கணக்குகளை மட்டும் எடுங்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் தீர்க்கப்பட்ட கணக்குகள் போதும். ஆங்கிலத்தில் கூடுதலாக வேண்டுமானால் ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவச வேதியியல் புத்தகத்தில் கணக்குகள் ஏராளம், பலவற்றுக்குப் பின்னால் விடையும் உண்டு.

மற்ற தோல்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒருவர் போடுவார், மூவர் காப்பி அடிப்பார்கள். பேச்சு சினிமாவுக்குப் போகும். ஐந்து பேரைத் தாண்டினால் எப்போதும் இரண்டு பேர் பார்வையாளர்கள். இடமும் ஒரு பிரச்சினை: ஹாஸ்டல் மாணவர்களுக்கு இரவு எட்டு மணி வசதி, கிராமத்துப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்களுக்கு மாலை நான்கரைக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அவர்களுக்கு மதிய உணவு இடைவேளையில் முப்பது நிமிடம், இரண்டு கணக்கு, வாரம் இருமுறை என்று வைத்தால் நடக்கும்.

மறைந்த செலவு, நன்றாகப் படிப்பவருக்கு. "எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்து என் நேரம் போகுது" என்பார். முழுக்க உண்மை இல்லை. விளக்கும்போதுதான் தன் பிடி எங்கே தளர்ந்திருக்கிறது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் தேர்வுக்கு முந்தைய பத்து நாள் குழுவை நிறுத்திவிடுங்கள், அந்த நாட்கள் தனியாக எழுதிப் பார்க்க.

யாருக்கு: கணக்கு ஓட்டை ஓரளவு இருப்பவர், காசு செலவழிக்க முடியாதவர், தனியாக அமர்ந்தால் தூங்கிவிடுபவர். மோல் என்றாலே தெரியாத நால்வர் சேர்ந்தால் பயன் இல்லை. முதலில் யாராவது ஒருவரிடம் அடிப்படையைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | கைடு | டியூஷன் | வீடியோ | கூட்டுப் படிப்பு |
|---|---|---|---|---|
| பணம் | குறைவு | அதிகம் | டேட்டா மட்டும் | இல்லை |
| வாரத்துக்கு நேரம் | 2–3 மணி | பயணத்தோடு 6–7 மணி | 3–4 மணி | 1–2 மணி |
| பேனா யார் கையில் | மூடி எழுதினால் உங்களிடம் | பாதிக்குப் பாதி | பேசுபவரிடம் | உங்களிடம் |
| கணக்கு ஓட்டை | அடைக்காது | நன்றாக அடைக்கும் | ஓரளவு | நன்றாக, சீனியர் இருந்தால் |
| மொழி ஓட்டை | அடைக்காது, மறைக்கும் | நன்றாக | தமிழ் வீடியோ பாதி வழி | ஓரளவு |
| வடிவ ஓட்டை | அடைக்காது | ஆசிரியரைப் பொறுத்து | மிக நன்றாக | ஓரளவு |
| எழுத்து ஓட்டை | மிக நன்றாக | ஆசிரியரைப் பொறுத்து | அடைக்காது | விடைத்தாள் மாற்றித் திருத்தினால் |
| கெடுவது எப்படி | மனப்பாடம் | சார்ந்திருத்தல் | புரிந்த மயக்கம் | அரட்டை, ஒருமித்த தவறு |

ஏஐ செயலிகளுக்குத் தனி நிரல் போடவில்லை. அவற்றிடம் கேள்வியைக் கொடுத்து விடை வாங்கினால் அது கைடுதான், கொஞ்சம் பேசும் கைடு. நீங்கள் போட்ட படிகளை வரிவரியாக எழுதி, "எந்த வரியில் தவறு, விடை சொல்லாதே" என்று கேட்டால் டியூஷனின் சாயல் வரும். கட்டமைப்பு வாய்பாடு வரையச் சொல்லி அப்படியே நம்பிவிடாதீர்கள். கார்பனுக்கு ஐந்து பிணைப்பு வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

## மொழி ஓட்டைக்கு மட்டும் தனி வைத்தியம்

நான்கு வழியும் இதை முழுதாக அடைக்காது. தமிழ், ஆங்கிலப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களை ஒரே அலகில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அலகுக்குப் பதினைந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். இனக்கலப்புக்கு ஹைபிரிடைசேஷன், தரம்பார்த்தலுக்கு டைட்ரேஷன் என்று இரண்டு நிரலில் எழுதி, மூன்றாவது நிரலில் அந்தச் சொல் வரும் ஒரு முழு ஆங்கில வாக்கியம். மூன்றாவது நிரல்தான் முக்கியம், தேர்வில் சொல்லை அல்ல, வாக்கியத்தை எழுதப்போகிறீர்கள்.

ஒலியில் நெருங்கிய ஜோடிகளைத் தனியாகக் குறியுங்கள். எலக்ட்ரான் நாட்டம் வேறு, எலக்ட்ரான் கவர்தன்மை வேறு. முன்னது தனித்த வாயுநிலை அணு ஒரு எலக்ட்ரானை ஏற்கும்போது நிகழும் ஆற்றல் மாற்றம், அலகு உண்டு. பின்னது பிணைப்பில் இருக்கும் அணு பங்கிட்ட எலக்ட்ரான் இணையைத் தன் பக்கம் இழுக்கும் தன்மை, பாலிங் அளவீட்டில் வெறும் எண். இந்த இரண்டையும் மாற்றி எழுதிப் போகும் மதிப்பெண்கள் கொஞ்சநஞ்சம் அல்ல.

## லேபை யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர முடியாது

பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் கை தவறும் இடங்களை முன்பே தெரிந்துகொண்டால் பாதி நேரம் மிச்சம். ஆக்சாலிக் அமிலக் கரைசலில் நீர்த்த சல்ஃபியூரிக் அமிலம் சேர்த்து 60–70 டிகிரிக்குச் சூடாக்குங்கள், கொதிக்க விட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். சல்ஃபியூரிக்குக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் பெர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றிக் குளோரினாக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். முதல் சில துளிகளின் நிறம் மெதுவாகத்தான் மறையும். பயந்து நிறுத்த வேண்டாம், உருவாகும் மாங்கனீசு அயனியே வினைக்கு ஊக்கியாகி வேகம் பிடிக்கும். பழுப்பு நிறம் வந்தால் அமிலம் போதவில்லை அல்லது வேகமாக ஊற்றிவிட்டீர்கள், அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல். அடர்நிறக் கரைசல் என்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். முடிவுநிலை, அரை நிமிடம் நிலைத்து நிற்கும் வெளிர் இளஞ்சிவப்பு.

முதல் ரீடிங் 18.5 வந்ததும் அடுத்த இரண்டையும் பார்க்காமலே 18.5 என்று எழுதிவிடுவது எல்லா லேபிலும் நடக்கிறது. முதல் ரீடிங்கே தவறாக இருந்தால் மூன்றும் சேர்ந்து மூழ்கும். செய்முறைத் தேர்வில் உங்கள் விடையை ஆசிரியர் வைத்திருக்கும் எடையோடு ஒப்பிட்டு, பிழைச் சதவீதத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண்.

## எப்போது வழியை மாற்றுவது

முதல் இன்டர்னல் தாளைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் க, மொ, வ, எ என்று ஓர் எழுத்து: கணக்கு, மொழி, வடிவம், எழுத்து. இரண்டாவது இன்டர்னலிலும் அதையே செய்யுங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், எழுத்துகளை எண்ணுங்கள். க ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைந்து எ மட்டும் அப்படியே நின்றால் டியூஷனை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு கேள்வித்தொகுப்பும் ஒரு குயர் வெள்ளைத்தாளும் வாங்குங்கள். க அசையவே இல்லை என்றால் டியூஷன் ஆசிரியரை மாற்றுங்கள், அல்லது அந்த இரண்டாமாண்டு அக்காவிடம் வாரத்துக்கு இன்னொரு அரை மணி கேட்டுப் பாருங்கள்.